மாநாட்டு மண்டபத்தில் ஒரு நோயாளி

வைத்தியர்கள் கூடும் சர்வதேச மாநாடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. இத்தனை நாடுகளிலிருந்து இத்தனை பிரதிநிதிகள் வந்தனர். இன்ன அமைச்சர் தொடக்கவுரை ஆற்றினார். இத்தனை கட்டுரைகள் படிக்கப்பெற்றன. இரவு விருந்து இனிதே நடைபெற்றது. அவ்வளவில் செய்தி முடிந்துவிடும். அங்கு கைமாறியது என்ன, அதனால் பிழைத்தவர் எவர் என்று கேட்பாரில்லை. நான் வைத்தியன் அல்லேன். தமிழ் படிப்பித்துக் காலங் கழிப்பவன். ஆயினும் சிறுநீரக நோய் பற்றிய மாநாடுகளின் வரலாற்றைச் சில காலமாகத் தேடிப் படித்து வருகின்றேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வியே மேலோங்கி நிற்கின்றது. அந்த மண்டபங்களில் நோயாளி எங்கே இருந்தான்?

எம் ஊர்க் கிழவிமார் குண்டிக்காய் என்று வழங்கிய அச்சிறிய உறுப்பின் வேலையை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வடித்ததில் ஒன்றரை லீற்றர் அளவையே கழிவாக வெளியேற்றி, எஞ்சியதை எல்லாம் மீள உறிஞ்சிக்கொள்கின்றன. இவ்வேலை நின்றுவிட்டால் நஞ்சு உடலிலேயே தேங்கும். 1827ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சட் பிறைற், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்திச் சுடரிற் காட்டி, அது முட்டை வெண்கரு போலத் திரள்வதைக் கொண்டு இந்நோயை இனங்கண்டு எழுதினார். இனங்காண முடிந்ததேயன்றி மாற்ற முடியவில்லை. அதற்குப் பின் நூறாண்டுக்கு மேலாகியும் வைத்தியர் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

முதல் வழியைக் கண்டவர் வில்லெம் கொல்ஃப் என்னும் ஒல்லாந்து தேச வைத்தியர். ஜேர்மனியர் தம் நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்தில், கம்பன் என்ற சிற்றூரில், மரச்சட்டங்களால் ஓர் உருளை செய்து, இறைச்சிக் குழல் செய்யப் பயன்பட்ட செலோபேன் குழாயை அதன்மேற் சுற்றி, உப்புநீர்த் தொட்டியிலே சுழலவிட்டார். குழாய்க்குள் இரத்தம் ஓடும். கழிவு நீருக்குள் இறங்கும். 1943 மார்ச் மாதத்தில் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சை நடந்தது. தொடக்கத்தில் வந்தோர் ஏறக்குறைய எல்லோரும் மாண்டனர். 1945 செப்ரெம்பரில் 67 வயதுப் பெண்ணொருத்தி பிழைத்தெழுந்தாள். ஒல்லாந்து நாசிகளுக்குத் துணைபோனவள் என்று சிறையிலிருந்தவள் அவள். உயிர் கொடுக்கும் இயந்திரம் குணம் பார்ப்பதில்லை.

ஆனால் இதில் ஒரு பெரிய தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் நாடியையும் நாளத்தையும் புதிதாக வெட்டிக் குழாய் செருகவேண்டும். சில தடவைகளில் வெட்டுவதற்கு இடமே இல்லாது போய்விடும். ஆகவே தற்காலிகமாகச் சிறுநீரகம் ஓய்ந்தவர்களுக்கே இயந்திரம் உதவிற்று. நிரந்தரமாக ஓய்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வழக்கம். எதற்காக அனுப்புகிறார்கள் என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர் என்பவர் அவ்வாறு ஒருவரை அனுப்பிவைத்த பின்னர் உறக்கமின்றித் தவித்தார். ஓர் இரவு விழித்தெழுந்தபோது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. நாடியில் ஒரு குழாயும் நாளத்தில் ஒரு குழாயும் நிரந்தரமாகவே பொருத்தி, சிகிச்சை இல்லாத வேளையில் இரண்டையும் கைக்கு வெளியே ஒரு வளைவினால் இணைத்துவிட்டால் இரத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும் அல்லவா? ஒன்றும் ஒட்டாத ரெஃப்ளன் என்னும் பொருளால் குழாய் செய்தமையால் இரத்தம் உறையவில்லை. வெயின் குவின்ரன் என்னும் கருவிப் பொறியியலாளர் அதனைச் செய்து கொடுத்தார். 1960 மார்ச் 9ஆம் நாள், விமானத் தொழிற்சாலையிலே இயந்திர வேலை செய்த கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் முன்கையில் அது பொருத்தப்பட்டது.

இனி மாநாட்டுக்கு வருவோம். அடுத்த மாதமே சிக்காகோவில், செயற்கை உறுப்புகளில் ஈடுபட்ட அமெரிக்க வைத்தியர்களின் சங்கம் கூடியது. நிகழ்ச்சி நிரல் முன்னரே தயாராகிவிட்டது. ஸ்கிறிப்னருக்கு அதில் இடமில்லை. அவர் கட்டுரைக்குப் பதிலாக ஷீல்ட்ஸையே அழைத்துச் சென்றார். சில வாரங்களுக்கு முன் இறந்திருக்கவேண்டிய ஒரு மனிதர், சட்டைக் கையை மடித்து, வளைந்த குழாயில் தம் இரத்தம் ஓடுவதை அங்கு வந்த வைத்தியர்களுக்குக் காட்டினார். படங்களும் அட்டவணைகளும் சொல்லமுடியாததை ஒரு முன்கை சொல்லிற்று. என் மனத்தில் மருத்துவ மாநாட்டின் உருவம் எதுவென்றால் இதுதான். ஷீல்ட்ஸ் அதன்பின் பதினோராண்டு வாழ்ந்து 1971இல் மறைந்தார்.

1960 செப்ரெம்பர் முதல் வாரத்தில் சிறுநீரகவியலுக்கான முதலாவது சர்வதேச மாநாடு ஜெனீவாவிலும் ஏவியானிலும் நடைபெற்றது. இரண்டும் ஒரே ஏரியின் கரையில் உள்ளவை. ஒன்று சுவிற்சர்லாந்துக்கும் மற்றையது பிரான்சுக்கும் உரியது. ஏவியான் ஊற்றுநீருக்குப் பேர்போன ஊர். பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1789இல் பிரபு ஒருவர் அந்நீரைக் குடித்துத் தம் கல்லடைப்பு நீங்கப்பெற்றார் என்று அவ்வூரார் இன்றும் கதை சொல்வர். சிறுநீரக வைத்தியர் கூடுவதற்கு இதனினும் பொருத்தமான ஊர் வேறு கிடைத்திராது.

கூட்டியவர் பாரிஸ் நெக்கர் வைத்தியசாலையின் ழான் அம்பூர்ஜே. 1952இன் நத்தார் காலத்தில், சாரத்திலிருந்து விழுந்து தன் ஒரே சிறுநீரகத்தை இழந்த இளந் தச்சனொருவனுக்கு, அவன் தாயின் சிறுநீரகத்தைப் பொருத்திப் பார்த்த குழுவின் தலைவர் அவர். மூன்று வாரமளவே அது வேலைசெய்தது, பையன் இறந்தான். அம்பூர்ஜே எழுத்தாளருமாவார், 1985இல் பிரெஞ்சு இலக்கியக் கழகத்துக்கே உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார் என்பதை நம் இலக்கிய அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம். சர்வதேச சிறுநீரகவியற் சங்கம் அக்கூட்டத்திலேயே பிறந்தது. அதன் முதல் தலைவரும் அவரே.

ஏவியானுக்கு ஸ்கிறிப்னரும் சென்றார். ரெஃப்ளன் குழாயைச் சூடாக்கி எவ்வாறு வளைப்பது, எந்த அளவில் முனையைக் கூராக்குவது என்று கூடிநின்றவர்களுக்குச் செய்து காட்டினார். தச்சனும் கொல்லனும் தம் தொழிலைக் கற்பிக்கும் முறை இது. கடிதத்தில் விளக்கினால் ஆறு மாதம் பிடிக்கும் வேலை, ஒரு பிற்பகலில் கை பார்த்துக் கை பழகிவிடும். மாநாடுகள் எதற்கு, தபாலில் கட்டுரை அனுப்பினாற் போதாதோ என்று கேட்போருக்கு நான் சொல்லும் விடை இதுவே. 1963இல் வாஷிங்ரனில் நடந்ததும் அத்தகையதே. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துவந்த வைத்தியர் சிலர் அங்கு கூடினர். பெரும்பாலோர் தத்தம் தோல்விகளையே கொண்டுவந்திருக்க, டென்வரைச் சேர்ந்த தோமஸ் ஸ்ராசில் அசதயோபிறின், பிறெட்னிசோன் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்து வழங்கித் தாம் கண்ட வெற்றியை எடுத்துரைத்தார். அதன்பின் அச்சிகிச்சை வேகமாகப் பரவியது.

கருவி பரவியது; எல்லோருக்கும் போதுமான அளவுக்குப் பெருகவில்லை. சியாற்றிலில் 1962இல் நிலையம் திறந்தபோது கட்டில்கள் சிலவே, நோயாளர் பலர். யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கப் பெயர் வெளியிடப்படாத எழுவர் கொண்ட குழுவொன்று அமைந்தது. மதகுரு ஒருவர், சட்டத்தரணி ஒருவர், குடும்பத் தலைவி ஒருவர், வங்கியாளர் ஒருவர் என்று அதன் அங்கத்தவர் இருந்தனர். வயது, பிள்ளைகள் எத்தனை, வருமானம் என்ன, கோவிலுக்குச் செல்பவரா என்றெல்லாம் அவர்கள் எடைபோட்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகையில் ஷானா அலெக்சாண்டர் இதனை எழுதியபோது நாடே திடுக்கிட்டது. நாசிகளுக்குத் துணைபோனவளைக் கேள்வியின்றிக் காத்த கருவி, இப்போது கோவில் வருகையைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. அந்த எழுவரையும் நான் கொடியவர் என்று சொல்லத் துணியேன். அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட எண்ணிக்கைதான் கொடியது.

அதனை உடைத்ததும் நோயாளியின் வருகையே. 1971 நவம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்றின் முன்னிலையில், நோயாளி ஒருவர் இயந்திரத்தில் இணைக்கப்பட்டு, இரத்தம் ஓட ஓடவே சாட்சியம் சொன்னார். மறுவருடம் ஒக்ரோபரில் அச்சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் சட்டம் நிறைவேறியது. அவருடைய சாட்சியத்தால் மட்டும் அது நேர்ந்ததெனச் சொல்லுதல் மிகையாகும். ஆயினும் கண்ணெதிரே இருப்பவனை எண்ணாகக் கருதுதல் கடினம்.

எங்கள் பக்கத்துக்கு இக்கதை வேறு வழியாக வந்து சேர்ந்தது. மாற்றுச் சிகிச்சை வென்றதும் சிறுநீரகத்துக்கு விலை ஏற்பட்டது. சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்னும் இழிபெயர் வந்ததைத் தமிழர் எவரும் மறத்தற்கில்லை. கடன் தீர்க்க ஏழைப் பெண்கள் தம் உறுப்பை விற்ற இடம் அது. 1994இல் இந்தியா இவ்விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. வியாபாரம் எளிதில் அடங்கவில்லை. 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 தொடக்கம் மே 2 வரை, ஏவியானில் பிறந்த அதே சங்கமும் உறுப்பு மாற்றுச் சங்கமும் சேர்ந்து இஸ்தான்புல்லில் கூட்டிய மாநாட்டுக்கு 78 நாடுகளிலிருந்து 150க்கு மேற்பட்டோர் வந்தனர். உறுப்பு வியாபாரமும், உறுப்புத் தேடி நாடு விட்டு நாடு செல்லும் பயணமும் ஒழிக்கப்படவேண்டும் என்று அவர்கள் பிரகடனம் செய்தனர். நல்ல பிரகடனம், பல நாடுகளின் சட்டங்களுக்கு வலுவூட்டியது.

இலங்கையின் பெயரும் இப்போது சிறுநீரக மாநாடுகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. அதற்குக் காரணம் இரஜரட்டை. மதவாச்சி, பதவியா போன்ற பகுதிகளில், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரர்களுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்ல ஓய்ந்துபோவது 1990களில் வெளிப்பட்டது. நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுவோருக்கு இதையொத்த நோய் வருவதைக் குறித்து ஆராய 2012இல் கொஸ்ரா றிக்காவில் அறிஞர் கூடினர். கடின நீர், புளோரைட், கட்மியம், பூச்சிகொல்லி, வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று காரணங்கள் பல கூறப்படுகின்றன. எல்லோரும் ஒப்பும் முடிவு இன்னும் பிறக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளிலே அந்தக் கமக்காரரின் வயது இருக்கின்றது; அவர் கிணற்று நீரின் புளோரைட் அளவும், எத்தனை ஆண்டு வயலில் உழைத்தார் என்பதும் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்காக அநுராதபுரம் பேருந்தைப் பிடிக்க அவர் விடியற்காலை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார் என்பதற்கு அவ்வட்டவணையில் நிரல் இல்லை.