எல்லைப் பள்ளி மாணவியின் பயத்துக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

2025 மே 7 அதிகாலையில் ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச் நகரத்தின் மீது பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. இறந்தவர்களில் பள்ளிக் குழந்தைகளும் உண்டு. மே 10 அன்று சண்டை நிறுத்தம் வந்தது. பிறகு பள்ளிகளும் படிப்படியாகத் திறந்தன. செய்தித்தாள்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் பூஞ்ச், ரஜௌரி, உரி பக்கத்து வீடுகளில் பிரச்சினை தலைகாட்டுவதே இந்த அமைதிக்குப் பிறகுதான்.

எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் 2003 நவம்பரில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. அது மெல்லத் தேய்ந்து, இந்திய அரசின் கணக்குப்படி 2020இல் மட்டும் 5,000 தடவைக்கு மேல் மீறப்பட்டது. 2021 பிப்ரவரி 25இல் இரு நாட்டு ராணுவங்களும் அதைப் புதுப்பித்தன. நான்கு ஆண்டுகள் ஓரளவு அமைதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2020இல் நான்காம் வகுப்பில் இருந்தவள் 2025இல் ஒன்பதாம் வகுப்பு. மறந்துவிட்டாள் என்று வீட்டார் நினைத்திருந்த பயம், பொதுத்தேர்வை நெருங்கும் வயதில் இரண்டாம் முறை வருகிறது.

அந்தப் பயம் பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. வயிற்றுவலி, தலைவலி என்பாள்; ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. கதவு அறைந்து சாத்தினால் தூக்கிவாரிப்போடும். இரவில் விழித்திருந்து வகுப்பில் தூங்குவாள். மாதவிலக்கு தள்ளிப்போகும். விட்டுப்போயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் சின்னவளுக்குத் திரும்பிவிடும். சிலர் திடீரென மயங்கி விழுவார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். பள்ளியில் இவளுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி, திமிர் பிடித்தவள். ஓரிரு வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு, பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, 'செத்துப்போயிருக்கலாம்' போன்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலோ காத்திருக்கக் கூடாது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கூடாது. அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் மன அழுத்த அறிகுறிகளைக் குறைக்கக் குழந்தைகளுக்கு பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

பையன்களுக்கும் இதெல்லாம் உண்டு. பெண்பிள்ளைக்கு மேலே இன்னொரு சுமை ஏறுகிறது. ஜம்மு, சம்பா, கதுவா, பூஞ்ச், ரஜௌரி மாவட்டங்களுக்கு 14,460 பதுங்கு குழிகளுக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. உயிர் காக்கும் ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரே நெருக்கியடித்து உட்காரும் ஒரு கான்கிரீட் அறையில், கழிப்பறை இல்லாமல், மாதவிலக்கு நாளில் ராத்திரி முழுக்க இருப்பது என்னவென்று யாரும் அவளைக் கேட்பதில்லை. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையும் அவளுடையதே. சத்தம் ஓய்ந்ததும் முதலில் நிற்பதும் அவள் படிப்பு: 'பள்ளிக்கூடம் தூரம், வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?' அடுத்த பேச்சு கல்யாணம்.

இங்கேதான் சட்டம் கைகொடுக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2019 அக்டோபர் 31 முதல் ஜம்மு காஷ்மீருக்கும் பொருந்தும். குடும்பம் இடம்பெயர்ந்தால் அதன் 5ஆம் பிரிவின்படி வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்று சேர்க்க மறுக்க முடியாது. பயந்து ஒடுங்கிய பிள்ளையை வகுப்பில் அவமானப்படுத்துவது 17ஆம் பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய மன உபாதை. உள்ளாட்சி அமைப்பிடம் எழுதிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குறை என்னவென்றால், இந்தச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது அதற்குப் பிறகுதான் அதிகம். 18 வயதுக்குள் கல்யாணம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் யார் வேண்டுமானாலும், அவளேகூட, சொல்லலாம்.

மருத்துவத்துக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் சேவையில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிடம் அட்டை இல்லாவிட்டாலும் கட்டணம் கேட்கக் கூடாது. 'வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிப்பாங்க' என்று தயங்கும் பெற்றோர் 23ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிகிச்சை விவரத்தை ஊருக்கோ உறவுக்கோ சொல்ல மருத்துவமனைக்கு அனுமதி இல்லை. 18 வயதுக்குட்பட்டவளை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. கூட இருக்க வேண்டிய பாதுகாவலர் ஆண் என்றால், அவர் ஏற்பாடு செய்யும் ஒரு பெண் துணை எந்நேரமும் அவளுடன் இருந்தாக வேண்டும்.

மருத்துவமனை தூரம் என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும். தமிழிலும் பேசலாம் என்பதால் ராமேஸ்வரத்து மாணவிக்கும் இதே எண்தான்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது மாணவர் மனநலம் குறித்து 2025 ஜூலை 25இல் சுக்தேவ் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனம் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளி வெளியே உள்ள நிபுணரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். சட்டம் வரும்வரை இதுவே சட்டம். மலை மேல் இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் இது எப்படி நடக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் பதுங்கு குழியை எண்ணிக் கட்டிய அரசால் ஆலோசகரை எண்ணிப் போட முடியாதா? நடைமுறையைக் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கவும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. 'எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் யார், எப்போது வருவார்?' என்று தீர்மானம் போட்டு, ஜம்மு காஷ்மீரில் டெபுடி கமிஷனர் எனப்படும் அந்த ஆட்சியருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.