ஏலத் தோட்டமும் வரிக் கணக்கும்

வருமான வரிக் கணக்கு என்பது வணிகர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டுமே உரிய விஷயம் என்று பலர் எண்ணுகின்றனர். தேனி, போடி, கம்பம் பகுதிகளில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அது எவ்வாறு என்பதை இன்று கூற விரும்புகிறேன்.

நம் நாட்டில் வருமான வரியை 1860-இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் நேர்ந்த நிதிப் பற்றாக்குறையே அதற்குக் காரணம். நிலத்திற்குத் தீர்வை செலுத்தப்பட்டு வந்த அக்காலத்தில், 1886-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்தை அவ்வரியிலிருந்து விலக்கியது. நமது அரசியலமைப்பும் விவசாய வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கும், பிற வருமானத்தின்மீது விதிக்கும் உரிமையை மத்திய அரசுக்கும் அளித்தது. ஆகவே கணக்கு எழுதுவோர், தொகையைக் கூட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய வேண்டும்.

போடியில் வாழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மலைமேல் ஏலத் தோட்டம். கடைவீதியில் ஏலக்காய்க் கடை. வங்கியில் சிறிது வைப்புத் தொகை. தம் தோட்டத்துப் பச்சைக் காயை உலர்த்தி விற்றால் அது விவசாய வருமானம். உலர்த்துதல், காயைச் சந்தைக்கு ஏற்றதாக்க விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலையன்றோ? அயலார் காயை வாங்கித் தரம் பிரித்து விற்றாலோ அது வியாபார வருமானம். வங்கி வட்டி இவ்விரண்டிலும் சேராது. மூட்டையில் காய் ஒன்றுபோலவே மணக்கும். பேரேட்டில் இடம் வேறு. மேகமலையைப் போன்ற இடங்களில் தேயிலையைத் தாமே பயிரிட்டுத் தாமே தூளாக்கி விற்போரின் வருமானத்தில், நூற்றுக்கு 60 பங்கு விவசாயம், 40 பங்கு தொழில் என விதிகளே வகுத்துள்ளன.

விவசாய வருமானத்திற்கு விலக்கு உண்டு என்பதால் அதை எழுதாமல் விடலாகாது. 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு முறையைப் புகுத்தியது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, பிற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் காண மட்டும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பர். வரி பிற வருமானத்திற்கே. ஆனால் அது ஏணியின் மேற்படியில் நின்று கணக்கிடப்படும்.

இனி ஏற்பாடு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டு. 2025-இல் இயற்றிய புதிய சட்டம் இதனை வரி ஆண்டு என்கிறது. அவ்வாண்டுக்கு நான்கு கட்டுகள் போதும். முதற் கட்டில் பட்டாவும் குத்தகைச் சீட்டும். இரண்டாவதில் ஏல விற்பனைப் பட்டியல்கள். மூன்றாவதில் கூலி, உரம், மருந்துச் செலவுச் சீட்டுகள். நான்காவதில் வங்கிப் புத்தகமும், வரி பிடித்தம் செய்ததற்கான சான்றும். கடைக்கு வேறு பேரேடு வேண்டும். விவசாய வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால், நிலம் உள்ள மாவட்டம், பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பனவற்றையும் படிவம் கேட்கும். முதற் கட்டு அப்போது கைகொடுக்கும்.

இந்தச் சிரமம் எதற்கு? மகளின் கல்லூரிப் படிப்பிற்கெனக் காய் விற்ற ரொக்கத்தை வங்கியில் செலுத்துகிறார் தந்தை. அப்பணத்தின் மூலம் எது என அதிகாரி வினவக்கூடும். சீட்டு இருந்தால் அதுவே விடை. சீட்டு இல்லையேல், மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்து ஈட்டிய பணமே மூலமறியாப் பணமாகக் கருதப்பட்டு, மிக உயர்ந்த வரிக்கு உள்ளாகலாம். கடை லாபத்தைத் தோட்டக் கணக்கில் மறைப்போர் சிலரால்தான் நேர்மையான விவசாயியும் இக்கேள்விக்கு ஆளாகிறார்.

கூட்டலும் கழித்தலும் கற்ற நீங்கள் வாரத்திற்கு ஒருமுறை வீட்டுச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிவையுங்கள். பெற்றோரின் உழைப்புக்குச் சாட்சி சேர்த்துவைக்கும் பணி அது.