போர்ச்சுகலில் புகார்ப் புத்தகமும் செங்கொடியும்

அல்கார்வேயின் கடற்கரைகளையும் சிந்த்ராவின் மலைக்காடுகளையும் லிஸ்பனின் ஜெரோனிமுஸ் மடாலயத்தையும் காண்பதற்காகப் போர்ச்சுகல் செல்லும் பயணிகள், விமானச்சீட்டுக்கும் விடுதிக்கும் காட்டும் அக்கறையில் சிறு பங்கைக்கூட அந்நாட்டுச் சட்டம் தமக்குத் தந்திருக்கும் பாதுகாப்பை அறிந்துகொள்வதில் காட்டுவதில்லை. பயணத்தை விற்கும் முகவர்களும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. விளைவாக, கேட்டிருந்தால் தப்பியிருக்கும் பணம் போகிறது. சில வேளைகளில் உயிரும் போகிறது.

உணவகத்தில் அமர்ந்தவுடன் ரொட்டி, வெண்ணெய், ஒலிவக்காய், பாலாடைக்கட்டி ஆகியவை கேளாமலேயே மேசைக்கு வந்து சேரும். ‘கூவேர்’ எனப்படும் இது இலவச உபசரிப்பு அன்று, விலைப்பட்டியலில் விலை குறிக்கப்பட்ட பண்டம். எனினும், வாடிக்கையாளர் கேட்காத, அவர் தொட்டுப் பயனற்றதாக்கிவிடாத எந்த உணவுக்கும் பணம் பெறக்கூடாது என 2015ஆம் ஆண்டின் 10ஆம் எண் ஆணைச்சட்டம் தெளிவாகக் கூறுவதால், வேண்டாதவர்கள் தட்டைத் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட வேண்டும். பாதி உண்டபின் எழுப்பப்படும் தகராறுக்குச் சட்டம் துணை நிற்காது.

தொடாத தட்டுக்கும் விலை போடப்பட்டால், அல்லது விடுதியிலோ கடையிலோ வேறு முறைகேடு நேர்ந்தால், பலரும் கத்திவிட்டுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றனர். அவர்கள் கேட்டிருக்க வேண்டியது ‘லிவ்ரு டி ரெக்லமசோயிஷ்’ என்னும் புகார்ப் புத்தகத்தை. 2005ஆம் ஆண்டின் 156ஆம் எண் ஆணைச்சட்டத்தின்படி பொதுமக்களோடு தொடர்புடைய வணிக நிறுவனங்கள் இதை வைத்திருப்பதும், வைத்திருப்பதாக அறிவிப்புப் பலகை மாட்டுவதும், கேட்டவுடன் கட்டணமின்றித் தருவதும் கட்டாயம். புத்தகம் வேறு கிளையில் இருக்கிறது என்று சொல்வதற்கோ, முதலில் அடையாள ஆவணத்தைக் காட்டினால்தான் தருவோம் என்று நிபந்தனை விதிப்பதற்கோ நிறுவனத்துக்கு உரிமை இல்லை; தர மறுத்தால் காவல்துறையினரை அங்கேயே அழைக்கலாம், அவர்கள் மறுப்பை நீக்கவோ நடந்ததைப் பதிவு செய்யவோ வேண்டும். ஒவ்வொரு புகார்த்தாளும் மூன்று படிகளைக் கொண்டது: மூலப்படியை நிறுவனம் 15 வேலைநாட்களுக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அனுப்ப வேண்டும் (உணவகமாயின் அது ‘அசாய்’ எனப்படும் உணவு, பொருளாதாரப் பாதுகாப்பு ஆணையம்), மூன்றாம் படி புத்தகத்திலேயே தங்கும், இரண்டாம் படி புகார் கொடுத்தவருக்குரியது. அந்த இரண்டாம் படியை வாங்காமல் வாசலைத் தாண்டக்கூடாது, ஏனெனில் ஊர் திரும்பியபின் கையில் இருக்கப்போகும் ஆதாரம் அதுதான். தேதி, நேரம், தொகை, நடந்தது ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். அங்கே எழுத இயலாதவர்களுக்கு 2017 முதல் மின்னணுப் புகார்ப் புத்தகமும் உண்டு. ஆனாலும் இரண்டாம் படியைக் கையோடு வாங்கிவிடுவதே மேல்.

கடலில் நேரும் தவறுக்கு எந்தப் புத்தகமும் பரிகாரம் தராது. பச்சைக்கொடி பறந்தால் நீந்தலாம். மஞ்சள்கொடி பறந்தால் நீரில் இறங்கலாம், நீந்தக்கூடாது. செங்கொடி பறந்தால் காலைக்கூட நனைக்கக்கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டங்களாக அமைந்த கொடி, உயிர்காப்பாளர் தற்காலிகமாக அங்கே இல்லை என்பதைக் குறிக்கும். வெயில் அடிப்பதால் அட்லாண்டிக் பெருங்கடல் அமைதியாக இருக்கிறது என்று எண்ணுவது பெரும்பிழை. அல்கார்வேயின் செம்மண்ணிறப் பாறைச்சுவர்களும் அவ்வாறே ஏமாற்றுபவை: 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ராவின் மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து 5 பேர் இறந்தனர். பாறையின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் விலகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. 20 மீட்டர் உயரமுள்ள பாறைக்கு 30 மீட்டர். அறிவிப்புப் பலகைக்குக் கீழேயே நிழல் தேடிப் பாய் விரிப்பவர்கள் இன்றும் இருக்கின்றனர். செங்கொடியை மீறக்கூடாது, பாறைநிழலில் படுக்கக்கூடாது. ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112.

லிஸ்பனின் 28ஆம் எண் டிராம் வண்டி பணப்பை திருடர்களுக்குப் பேர்போனது. கடவுச்சீட்டு களவுபோனால் நகரங்களில் ‘பெ எஸ் பெ’ என்னும் பொதுக் காவல்துறையிடமும், ஊர்ப்புறங்களில் ‘ஜெ என் எர்’ என்னும் தேசியக் காவற்படையிடமும் உடனே புகார் கொடுத்து, அதன் எழுத்துப்படியைப் பெற வேண்டும். இந்தியக் குடிமக்கள் அந்தப் படியோடும், கடவுச்சீட்டின் நகலோடும் லிஸ்பனிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்; அச்சான்றிதழ் இந்தியா திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், அடுத்து ஸ்பெயினுக்கோ பிரான்சுக்கோ செல்லத் திட்டமிட்டிருந்தவர்கள் அப்பயணத்தைக் கைவிட்டு, ஊர் திரும்பும் விமானச்சீட்டை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.