திகனச் சந்தியில் ஒரு கலியாணப் பேச்சு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில், குண்டசாலையைக் கடந்து சென்றால் வருவது திகன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் விற்றும் வாங்கியும் வாழும் ஊர். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், அவ்வூர்த் தேநீர்க்கடை ஒன்றில் நாம் அமர்ந்திருந்தோம். பத்திரிகையை மடித்து வைத்த பெரியவர் ஒருவர் நம்மை நோக்கி, “என்ன தம்பி, ஆணும் ஆணும் கலியாணம் முடிக்கப் பாராளுமன்றத்திலே சட்டம் வருகுதாமே, மெய்தானா?” என்று வினவினார்.

“உயர் நீதிமன்றமே சரியென்று சொல்லிவிட்டதாம், ஐயா” என்றார் கடைக்காரர். “அப்படியானால் நம்முடைய பண்பாடு என்னாவது?” என்று மூலையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “அப்படி ஒரு சட்டம் வரவில்லை, ஐயா” என்று நாம் சொன்னதை அங்கிருந்தோர் நம்பியதாகத் தோன்றவில்லை.

அன்று அந்தக் கடையில் எழுந்த கேள்வி நாடெங்கும் எழுந்த கேள்வியேயாகும். ஒரு தலைவர் ஒன்றைச் சொல்கிறார். மக்கள் வேறொன்றைக் கேட்கிறார்கள். கேட்டதற்கே மறுமொழி கூறுகிறார்கள். இவ்விடயத்தில் மெய்யாக நிகழ்ந்தது யாது என்பதை நிதானமாக எடுத்து நோக்குவது நம் கடமையெனக் கருதுகிறோம்.

சட்டமூலம் சொன்னது என்ன?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது. அதன் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 365-அ பிரிவு ஆண்களுக்கிடையிலான ‘ஒழுக்கக்கேடான’ செயல்களைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘ஆண்’ என்ற சொல் ‘ஆள்’ என மாற்றப்பட்டதால், பெண்களும் அதன் பிடிக்குள் வந்தனர். தடையைத் தளர்த்த வேண்டுமென்று சிலர் கேட்ட காலத்தில் தடை மேலும் விரிந்தது ஒரு விசித்திரமே.

இப்பிரிவுகளின் கீழ் வயது வந்த இருவர் தம் விருப்பத்துடன் கூடி வாழ்வதும் குற்றமாகலாம். இந்நிலையை மாற்றவே, கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சட்டத்தரணி பிரேம்நாத் சி. தொலவத்த 2023ஆம் ஆண்டில் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னரே, 2022 செப்டம்பரில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, இத்தகைய திருத்தத்துக்கு அரசாங்கம் ஆதரவானது என்றும், வாக்களிப்பது அங்கத்தவர் ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கும் உரியது என்றும் கூறியிருந்தார்.

சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென்று ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். அதை ஆதரித்துப் பேராசிரியர்களும் செயற்பாட்டாளர்களும் இடையீட்டு மனுக்களைச் சமர்ப்பித்தனர். நீதிமன்றத்தின் தீர்மானத்தைச் சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன 2023 மே 9ஆம் திகதி சபையில் அறிவித்தார்: சட்டமூலத்தில் அரசியலமைப்புக்கு முரணானது எதுவுமில்லை, சாதாரணப் பெரும்பான்மையால் அதனை நிறைவேற்றலாம்.

இத்தனையிலும் விவாகம் என்ற பேச்சே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிறைக்கதவைத் திறப்பது வேறு. மணப்பந்தல் போடுவது வேறு. அண்டை நாடான இந்தியாவே இதற்குச் சான்று. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் திகதி இதே போன்ற குற்றப் பிரிவைத் தளர்த்தியது. ஆயின் ஐந்தாண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 17ஆம் திகதி, ஒருபாலினத் திருமணத்தை அங்கீகரிக்க அதே நீதிமன்றம் மறுத்து, அப்பொறுப்பைப் பாராளுமன்றத்துக்கே விட்டது. முதற்படி ஏறியவர் இரண்டாம் படியையும் ஏறியே தீரவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

தலைவர் வாக்கும் மக்கள் மனமும்

ஒருபாலினத் திருமணத்தை வெளிப்படையாக ஆதரித்த தலைவர்களுக்கு மக்கள் அளித்த வரவேற்பு எத்தகையது? அமெரிக்காவில் 2012 மே 8ஆம் திகதி வட கரோலினா மாநில வாக்காளர்கள் அத்தகைய திருமணத்துக்குத் தடை விதித்து வாக்களித்தனர். மறுநாளே ஜனாதிபதி பராக் ஒபாமா தொலைக்காட்சியில் தோன்றி, தாம் அதை ஆதரிப்பதாகக் கூறினார். பதவியிலிருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் அவ்வாறு கூறியது அதுவே முதன்முறை. 2008ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, விவாகமென்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்று சொன்னவரும் அவரே. சிலர் துணிவென்றனர், சிலர் தேர்தல் தந்திரமென்றனர், தேவாலயங்கள் பலவற்றில் மனவருத்தம் எழுந்தது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் அவர் மீண்டும் தெரிவானார். 1996ஆம் ஆண்டில் அத்தகைய திருமணத்தை ஆதரித்த அமெரிக்கர் நூற்றுக்கு 27 பேர் என்றும், 2015ஆம் ஆண்டில் 60 பேர் என்றும் கலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்புகள் காட்டின. தலைவர் ஒருவரின் வாக்கு மாத்திரம் இதைச் செய்யவில்லை. தம் வீட்டிலும் அயலிலும் அத்தகையோர் உண்டென மக்கள் அறிந்துகொண்டதே பெரும் காரணம் எனலாம்.

நம் நாட்டிலோ இவ்விடயம் நெடுங்காலம் வசைச்சொல்லாகவே மேடை ஏறியது. 2018 நவம்பரில், அரசியல் நெருக்கடியின் நடுவே, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் எதிரணியினரை ‘வண்ணத்துப்பூச்சி வாழ்க்கை’ என்று பொதுக்கூட்டத்தில் இழித்துரைத்தார். அச்சொல்லின் உட்பொருளைக் கூட்டம் புரிந்துகொண்டது. அட்டையாய் இருப்பதிலும் வண்ணத்துப்பூச்சியாய் இருப்பதே மேல் என்ற கருத்தில் மங்கள சமரவீர விடையிறுத்தார். நகைச்சுவையாய்ச் சொல்லப்பட்ட அவ்விடைக்குள் நீண்டகால வலி ஒன்று இருந்ததை அறிந்தோர் அறிவர்.

ஒரே தெரு, மூன்று சட்டங்கள்

“நம்முடைய பண்பாடு என்னாவது?” என்ற கேள்வி எள்ளி நகையாடத்தக்கதன்று. பெற்றோர் உள்ளத்திலிருந்து எழும் கேள்வி அது. ஆதலின் அதற்கு விடையைத் திகனவின் தெருவிலேயே தேடுவோம்.

இத்தெருவில் மூன்று விவாகச் சட்டங்கள் அருகருகே வாழ்கின்றன. தமிழர் பெரும்பாலும் 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டத்தின் கீழ் மணம் புரிகின்றனர். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் சட்டம். கண்டிச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் சட்டம். விரும்பினால் அவர்கள் பொதுச் சட்டத்தையும் தேர்ந்துகொள்ளலாம். கண்டிய மரபில் மணமகள் கணவன் இல்லம் செல்வது ‘தீக’ விவாகம். மணமகன் மனைவி இல்லம் புகுவது ‘பின்ன’ விவாகம். எந்த வகையில் மணந்தாள் என்பதைப் பொறுத்து, பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் உள்ள உரிமையும் மாறுபட்டது.

இன்னும் சற்றுப் பின்னோக்கிச் சென்றால் வியப்பு மிகும். சகோதரர் பலர் ஒரு பெண்ணை மனைவியாகக் கொள்ளும் வழக்கம் கண்டி இராச்சியத்தில் ஏற்கப்பட்டிருந்தது. 1859ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சி ஒரு கட்டளைச் சட்டத்தால் அதைத் தடுத்து, ஒருவனுக்கு ஒருத்தி என்றும், பதிவு கட்டாயம் என்றும் விதித்தது. பதியாத விவாகங்கள் சட்டத்தின் கண்ணில் விவாகமே அல்ல என்றாயின. அவற்றில் பிறந்த பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. அந்த இடர்ப்பாடு கண்டு 1870ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. இருவரும் ஒத்துக்கொண்டு மணமுறிவு பெறும் வழியும் அதனால் திறந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? ஆதிமுதல் மாறாதது என நாம் எண்ணும் விவாக முறை, 1859ஆம் ஆண்டில் ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட விதியின் வழியே வந்தது. நம் பண்பாட்டின் காவலென நாம் நினைக்கும் 365ஆம் பிரிவும் 1883ஆம் ஆண்டில் அவ்வாறே வந்தது. அதை நமக்குத் தந்த இங்கிலாந்து 1967ஆம் ஆண்டிலேயே தன் நாட்டில் அக்குற்றத்தைத் தளர்த்தி, 2014ஆம் ஆண்டு முதல் ஒருபாலினத் திருமணத்தையும் நடத்தி வருகிறது. ஆசியாவில் தாய்வான் 2019ஆம் ஆண்டிலும், பௌத்தர் பெருவாரியாக வாழும் தாய்லாந்து 2025ஆம் ஆண்டிலும் அத்தகைய விவாகத்தை ஏற்றன. அவ்வழியே நாமும் செல்ல வேண்டுமென்று இதனால் பெறப்படாது. ஆனால் இவ்விடயம் மேனாட்டாருக்கே உரியதென்ற வாதம் நிற்காது.

சிறுவருக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் மற்றொன்று. சிறுவர்க்கு எதிரான பாலியல் கொடுமைக்குத் தண்டனை விதிக்கும் பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் தனியே உள்ளன. தொலவத்தவின் சட்டமூலம் வயது வந்தோரின் சம்மதத்தைப் பற்றியது. இதை உணராமல் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, மெய்யான குற்றவாளிக்கு மறைவிடம் தருவதாகும்.

திகன கற்ற பாடம்

செய்தியைச் சரிபாராமல் நம்புவதன் விலை என்னவென்று திகனவுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் மாதத்தில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து, வதந்தியும் வெறுப்பும் கைப்பேசி வழியே பரவின. திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். நாட்டில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அவ்வன்முறையில் தன் தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வந்தது, மாண்டவர் மீளவில்லை.

ஒரு சமூகத்தைப் பற்றிய பொய்யை நம்பிய கை, வேறொரு சிறு கூட்டத்தைப் பற்றிய பொய்யையும் எளிதில் நம்பும். மலையகத் தமிழராகிய நம் முன்னோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் கணக்கில் வராதவராயினர். பெரும்பான்மையின் வாக்கு சிறுபான்மையின் வாழ்வைத் தீர்மானிக்கும்போது நெஞ்சு எவ்வாறு துடிக்கும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

வீட்டுக்குள் நிகழ்வது

மேடையிலும் நீதிமன்றத்திலும் நிகழும் வாதங்கள் ஒருபுறம் இருக்க, இவ்விடயத்தின் மெய்யான களம் குடும்பமே. தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்கும். மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒருவரையொருவர் நேசித்து, வீட்டை விட்டுச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காவல்துறையில் முறையிட்டனர். பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் புகுந்தனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் உளவளத் துணையாளரிடம் அனுப்பினார். அத்துடன் நில்லாது, இவ்விடயத்தில் தமக்கே போதிய தெளிவில்லை என்று திறந்த மனத்துடன் ஒப்புக்கொண்டு, தாமும் அத்தகைய ஆலோசனைக்கு உட்பட்டார். பின்னர் 2021 ஜூன் 7ஆம் திகதி வழங்கிய உத்தரவில், இத்தகையோரைக் காவல்துறை துன்புறுத்தலாகாது என்றும், ‘குணப்படுத்துவோம்’ என்று கூறிச் செய்யப்படும் சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்றும் பணித்தார்.

தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் இருந்தவரே, முதலில் கற்றுக்கொண்டு பின்னர் பேசினார். தலைவர் பேச்சைக் கேட்டவுடன் கொதித்தெழும் நமக்கும் அவருக்கும் உள்ள வேற்றுமை அதுவே.

நம் சட்டத்தால் நேரும் தீங்கு, சிறை சென்றோர் தொகையால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. சிறைக்கு அஞ்சும் இளைஞனிடம் பணம் பறிப்பவனுக்கு அச்சட்டம் ஆயுதம். அவன் காவல் நிலையம் செல்ல முடியாது. தாயிடமும் சொல்ல முடியாது. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்ற கேள்விக்கு அஞ்சி, விருப்பமில்லா விவாகத்துக்குள் தள்ளப்படும் பிள்ளையும், ஏதும் அறியாமல் அவ்வில்லம் புகும் மற்றைய பிள்ளையும் ஆக இரு வாழ்வுகள் வீணாகின்றன. இவர்களுக்கும் பெற்றோர் உண்டு. அப்பெற்றோர் நம் அயலவராகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்.

தொலவத்தவின் சட்டமூலம் வாக்கெடுப்பைக் காணவில்லை. 2024 செப்டம்பர் மாதத்தில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அதுவும் காலாவதியாயிற்று. இரு பிரிவுகளும் சட்டப் புத்தகத்திலேயே தங்கின. நம் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது. ஆதலின் இந்தியாவில் நீதிமன்றம் செய்ததை இங்கே நீதிமன்றம் செய்ய இயலாது. பாராளுமன்றமே செய்ய வேண்டும். பாராளுமன்றமோ நம் முகத்தைப் பார்த்தே முடிவு செய்யும். அதனால்தான் தேநீர்க்கடைப் பேச்சுக்கும் இவ்வளவு கனம் உண்டாகிறது.

ஒருபாலினத் திருமணத்தைத் தம் சமயநெறி ஏற்காது என்று கூறுவோரின் நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். அது நெடுநாள் பேசித் தீர்க்கவேண்டிய விடயம். ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா என்பதற்கு விடை கூற நெடுநாள் வேண்டாம்.

அன்று நாம் விடைபெற எழுந்தபோது, அப்பெரியவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “கலியாணம் எனக்கு விளங்கவில்லை, தம்பி. ஆனால் பெற்ற பிள்ளையை மறியலுக்கு அனுப்பச் சொன்னால், அது எந்தத் தகப்பனாலும் முடியாது.”

பண்பாடு என்னாவது என்ற கேள்விக்கு, அதே கடையிலிருந்து கிடைத்த விடையென அதை ஏற்றுக்கொண்டு நாம் பேருந்தேறினோம்.