பின்னால் நிற்பவர் முறைக்கிறார்!

பொது இடத்தில் ஒரு தொடுதிரையை நிறுத்துவது ரொம்பச் சுலபம். பெரிய கண்ணாடி, உள்ளே ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் கரன்ட், திறந்துவைக்க ஒரு வி.ஐ.பி. தீர்ந்தது. கஷ்டமெல்லாம் வி.ஐ.பி. கிளம்பிப் போன மறுநாள் காலையில்தான் ஆரம்பம். ஜனங்கள் வந்துவிடுகிறார்கள்!

அதனால் இந்த மாதிரித் திரைகளை எங்கே கண்டாலும் நான் திரையைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்கிற ஆளைத்தான் பார்ப்பேன்.

நியூயார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது டெலிபோன் பூத்துகளுக்குப் பதிலாக, 2016 ஜனவரியில் 'லிங்க் என்.ஒய்.சி.' என்ற கம்பங்களை நடைபாதையில் இயக்கத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் 55 அங்குல விளம்பரத் திரை, ஓரத்தில் சின்னதாக ஒரு தொடுதிரை. வைஃபை இலவசம், அமெரிக்காவுக்குள் போன் இலவசம், செல்போனுக்கு சார்ஜ் இலவசம். செலவை விளம்பரம் பார்த்துக்கொள்ளும். கூடவே, தொடுதிரையில் இன்டர்நெட்டும் பார்க்கலாம் என்றார்கள். அங்கேதான் வந்தது வினை.

வழி தெரியாதவர் ரெண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. சிலர் உட்கார ஏதாவது இழுத்துப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பாட்டும் படமுமாக செட்டில் ஆகிவிட்டார்கள். இன்னும் சிலர் பட்டப்பகலில் 'அந்த மாதிரி' படம்! புகார்கள் குவிய, அதே வருஷம் செப்டம்பரில் இன்டர்நெட் பார்க்கும் வசதியை மட்டும் பிடுங்கிவிட்டார்கள்.

சிரிக்கலாம். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் நடைபாதையில் உட்கார்ந்து ஏன் நெட் பார்க்கப்போகிறான்? அங்கே உட்கார்ந்தவர்களில் பலருக்கு வீடே கிடையாது.

டில்லியில் கதை வேறு. 1999-ல் கல்காஜியில் சுகதா மித்ரா தன் ஆபீஸ் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதியைப் பார்த்தமாதிரி ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பொடியன்கள் தாங்களே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார்கள். திரையில் நகரும் அம்புக்குறிக்கு 'ஸூயி' என்று பெயர் வைத்தார்கள். இந்தியில் ஊசி. 'கொஞ்சம் பொறு' என்று காட்டும் மணல் கடிகாரத்துக்கு 'டமரு'. அதாவது நம்மூர் உடுக்கை! எந்தக் கலைச்சொல் கமிட்டிக்கும் இது தோன்றியிருக்காது.

முக்கியமான விஷயம், அங்கே பின்னால் நின்ற பையன் முறைக்கவில்லை. முன்னால் நின்றவனுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

திரையை வடிவமைப்பவர்களுக்கும் தலைவலி உண்டு. வீட்டு மானிட்டரின் பிரகாசம் சுமார் 300 நிட்ஸ். அதையே உச்சிவெயிலில் வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும். வெளியே வைக்க 2,500 நிட்ஸாவது வேண்டியிருக்கும். தொடுவதை உணர்வதில் ஒரு முறை, செல்போனில் இருப்பது போல விரலின் மின்தன்மையை வைத்துக் கண்டுபிடிப்பது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டு, நடுவே எது வந்தாலும் 'தொட்டாச்சு' என்று எடுத்துக்கொள்வது. இதில் கையுறை போட்டவரும் தொடலாம், ஈயும் தொடலாம்! உயரமும் முக்கியம். தொட வேண்டியது எதுவும் தரையிலிருந்து 48 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க விதி. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்ட வேண்டுமே!

எல்லாம் சரி, கூச்சத்தை எந்த ஸ்கேலால் அளப்பது?

சென்னையில் ஒரு புறநகர் ஸ்டேஷன். ஆபீஸ் நேரம். டிக்கெட் மெஷின் முன்னால் ஒரு பாட்டி. திரையில் தமிழ் இருக்கிறது, எழுத்து பெரிசாக இருக்கிறது, வெளிச்சம் பிரமாதம். விரல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் எங்கள் வரிசை. யாரோ 'ப்ச்' என்றார். அவ்வளவுதான், பாட்டி நகர்ந்துகொண்டார்.

''நீ எடுத்துக்கப்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.''

அடுத்தவருக்கும் இதே பதில். மூன்றாவது ஆளாக நான் போனபோது, ''எங்கே போகணும்மா?'' என்று கேட்டேன்.

''தாம்பரம்... இப்ப போகுதே, அந்த வண்டிதாம்ப்பா.''

மெஷின் தப்பே செய்யவில்லை. ஆனாலும் வண்டி போய்விட்டது.

ரயில்வே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பல ஸ்டேஷன்களில் இந்த மெஷின் அருகே, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் போன்ற ஒருவர் உதவியாளராக நின்று டிக்கெட் எடுத்துத் தருகிறார். 'தானியங்கி மெஷினை இயக்க ஒரு ஆளா?' என்று கிண்டல் செய்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆனால் அவர் இருக்கிற இடத்தில் யாரும் ஒதுங்கி நிற்பதில்லை.

ஸ்மார்ட்டான ஆளுக்கு எந்தத் திரையும் ஓகேதான். ஒதுங்கி நிற்பவர் தைரியமாக முன்னால் வந்தால்தான் அது பொதுத் திரை.

அதுவரை, பின்னால் நிற்கும் நாம் 'ப்ச்' என்பதற்குப் பதிலாக, 'அந்தப் பச்சைக் கட்டத்தை அமுக்குங்க' என்று சொல்லலாம். முறைத்தால் எந்த மெஷினும் வேகமாக ஓடுவதில்லை சார்!