சிறு விமானக் கொட்டகையின் கதவு

1903ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 17ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலே றைற் சகோதரர் நான்கு முறை பறந்தனர் என்பது மாணவர் யாவரும் அறிந்த செய்தி. நான்காம் பறப்பு முடிந்து நிலத்தில் நின்ற அவ்விமானத்தை ஒரு காற்று வந்து புரட்டி உடைத்துவிட்டது என்பதும், அது பின்னர் ஒருபோதும் பறக்கவில்லை என்பதும் பலர் அறியாதவை. பறக்கையிற் காற்றை வென்ற பொறி நிற்கையில் அதற்குத் தோற்றது. பாரங் குறைந்த சிறு விமானங்களுக்கு இவ்விடர் இன்றும் உண்டு. ஆதலின் அவற்றுக்குக் கொட்டகை வேண்டும். ஆங்கிலத்திலே இதனை ஹங்கர் என்பர். வண்டிக்கொட்டிலைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது.

தமிழாசிரியருக்கு விமானக் கொட்டகையில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். பொறியியற் பொருளைத் தமிழிலே சொல்ல இயலுமோ என வினாவும் மாணவர்க்கு இஃது எம் விடை என்க.

கொட்டகையின் உறுப்புக்களுள் மிக்க கவலை தருவது கூரையன்று, கதவேயாம். செஸ்னா 172 என்னும் நான்கிருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சிறகு நுனிக்கு நுனி 36 அடி. வாலின் உயரம் ஏறக்குறைய 9 அடி. அதனை இடரின்றி உள்ளிட 40 அடி அகலமும் 12 அடி உயரமும் உள்ள வாயில் வேண்டும். அஃதாவது, கட்டடத்தின் ஒரு பக்கத்திலே சுவரே இல்லை. அவ்விடத்தில் 480 சதுர அடிப் பரப்புள்ள, அசையும் பலகை ஒன்று நிற்கின்றது. மணிக்கு 45 மைல் வேகக் காற்று நேரே மோதினால் அதன்மேல் ஏறத்தாழ 2,500 இறாத்தல் விசை தாக்கும். வேகம் 90 மைலானால் விசை 5,000 ஆகும் என எண்ணுதல் பிழை. காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 10,000 இறாத்தலை எட்டும்.

கதவு பிய்ந்தால் இழப்பு கதவோடு நில்லாது. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து உந்தும். அதே காற்று மேலிருந்து கூரையை உறிஞ்சும். இரண்டும் சேரக் கூரை பறக்கும். 1992 ஆவணி 24ஆம் நாள் புளோறிடாவின் தென்பகுதியைத் தாக்கிய அன்ட்ரூ சூறாவளியிலே வீடுகளின் மோட்டார் வண்டிக் கொட்டில்கள் பலவற்றில் இதுவே நிகழ்ந்தது. அகன்ற கதவு முதலிற் சாய்ந்தது, கூரை பின்சென்றது. ஆகவே கதவு வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, விலை யாது என்பதன்று. எவ்வளவு காற்றுக்குக் கணிக்கப்பட்டது என்பதே.

இனி வகைகளைக் காண்பாம். மிகப் பழையதும் மலிவானதும் தள்ளுகதவு. நிலத்திற் பதித்த தண்டவாளத்தின்மேற் பல பலகைகள் சில்லுகளில் உருளும். மின்சாரம் வேண்டா. ஆனால் பலகைகள் ஒதுங்கி நிற்கப் பக்கத்தே இடம் வேண்டும். கொட்டகைகள் வரிசையாய் உள்ள இடத்தில் நம் கதவு அயலான் வாயிலை மறைக்கும். தண்டவாளத்தில் மணலும், குளிர்நாடுகளிற் பனிக்கட்டியும் அடைந்துகொள்ளும்.

இரண்டாவது மடிகதவு. இடையிற் கிடையாகப் பிணைச்சலிட்ட இரு பாதிகள், மின்மோட்டார் வடத்தைச் சுற்ற வெளிப்புறம் மடிந்து மேலெழும். முன்னே அதிக இடங் கொள்ளாது. மடிந்த கதவு வாயிலின் உச்சியிலே தொங்குவதால் உயரத்தில் ஓரிரு அடி குறையும். இதனை மறந்து அளவெடுத்தால் வால் இடிக்கும்.

மூன்றாவது தூக்குகதவு. ஒரே சட்டமாகிய கதவை இருபுறத்தும் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் உருளைகள் உயர்த்தி, பந்தல்போல் முன்னே நீட்டி நிறுத்தும். வாயிலுயரம் குறையாது, தேய்வதற்கு வடமும் இல்லை. ஆனால் திறந்த கதவின் பாரமும் அதன்கீழ்ப் புகுங் காற்றின் உந்தலும் தூண்களையே சாரும். பழைய கொட்டகைக்கு இதனைப் பூட்ட விரும்புவோர் பொறியியலாளரை வினாவாது தொடங்குதல் தகாது. புதிய கட்டடமாயின் எம் தெரிவு இதுவே. றைற் சகோதரர் 1901இல் அமைத்த கொட்டகையிலும் முனைச் சுவர்களை மேற்புறம் பிணைச்சலிட்டுத் தூக்கி நிறுத்தினர். ஆக இது புதியதன்று.

பராமரிப்பிலே தலையாயது மடிகதவின் வடம். உருக்கு வடம் ஒரே நாளில் அறுவதில்லை. புரிகள் ஒவ்வொன்றாய் முறியும். கதவைச் சாத்தி மின்சாரத்தைத் துண்டித்தபின் வடத்தைத் தடித்த துணியால் உருவிப் பார்த்தால் முறிந்த புரி துணியிற் சிக்கும். வெறுங் கையால் உருவற்க. சிக்கினால் மாற்றவேண்டும், ஒட்டுப்போடுதல் உயிரோடு விளையாடுவதாகும். பலர் இன்று வடத்துக்குப் பதில் அகன்ற நெசவு வார்களைப் பூட்டுகின்றனர்; வாரின் ஓரம் பிசிர்வது கண்ணுக்கு எளிதிற் புலப்படும்.

தூக்குகதவாயின் எண்ணெய்க் குழாய்களின் வெடிப்பையும், உருளையடியிற் கசிவையும் நோக்குக. தள்ளுகதவாயின் தண்டவாளத்தைக் கூட்டிச் சில்லுகளுக்குக் கிறீஸ் இடுக. கடற்கரையண்மையில் எவ்வகையாயினும் பிணைச்சல்களிலே கறள் விரைந்து பற்றும். எக்கதவும் பாதி திறந்திருக்க அதன்கீழ் நிற்றலும், விமானத்தை இழுத்தலும் ஆகா.

எஞ்சியது தாழ். பண்டைக் கோட்டைக் கதவுகளின் பின்னே எழு என்னும் கணையமரத்தைக் குறுக்கே இட்டனர். அவ்வெழுவின் தொழிலை விமானக் கொட்டகையிற் பக்கத் திறாங்குகளும் நிலத்தில் இறங்கும் உருக்கு முளைகளும் செய்கின்றன. காற்றுக்குக் கணித்த கதவென்று விற்போர் சொல்வது, இவை யாவும் பூட்டியிருக்குங் கதவையே. திறாங்கைக் கழற்றாது மோட்டாரை இயக்கினால் மோட்டார் தன் கதவையே பிய்க்கும். ஆகவே திறாங்கு பூட்டியுள்ளபோது மின்சாரத்தைத் தடுக்கும் ஆளி ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். அவ்வாளியை மாதம் ஒருமுறை சோதிக்க. முளை இறங்குங் குழியை ஒரு கம்பியால் தோண்டிப் பார்க்க. மண் நிறைந்த குழியில் முளை அரை அங்குலமே இறங்கும், வெளியே நின்று பார்ப்பவருக்குக் கதவு பூட்டியதாகவே தோன்றும்.