தேசிய நிர்வாகப் பள்ளி (பிரான்சு)

தேசிய நிர்வாகப் பள்ளி என்பது பிரான்சு நாட்டின் உயர் அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்க 1945 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசுப் பள்ளியாகும். பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை 'எனா' என அழைத்தனர். 2022 சனவரி 1 முதல் தேசியப் பொதுச்சேவை நிறுவனம் இதன் இடத்தைப் பெற்றது.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரான்சில் ஒவ்வொரு உயர் துறையும் தனக்கென ஒரு தேர்வை நடத்தியது. தேறியவர்களில் பெரும்பாலோர் பாரிசிலிருந்த ஒரு தனியார் அரசறிவியல் பள்ளியில் பணம் கட்டிப் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். இதை மாற்றக் கல்வி அமைச்சர் ழான் சே 1936 இல் கொண்டுவந்த திட்டம் நிறைவேறவில்லை. போருக்குப் பின் சார்லஸ் டி கோல் தலைமையிலான தற்காலிக அரசு, மிசேல் தெப்ரே வகுத்த திட்டத்தை ஏற்று, 1945 அக்டோபர் 9 அன்று பள்ளியை நிறுவியது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நுழைவு முறை வந்தது. பட்டதாரிகளுக்கு ஒரு தேர்வும், ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு மற்றொரு தேர்வும் நடந்தன. பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

பயிற்சியும் தரவரிசையும்

மாணவர்கள் மாவட்ட ஆட்சி அலுவலகங்களிலும் தூதரகங்களிலும் களப்பயிற்சி பெற்றனர். இறுதியில் தரவரிசை வெளியிடப்படும். முன்னிலை பெற்றவர்கள் அரசு ஆலோசனை மன்றம், கணக்காய்வு நீதிமன்றம், நிதி ஆய்வுத் துறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இளம் வயதில் பெற்ற இடமே பலருடைய பணிவாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது.

விமர்சனம்

தேர்வு எல்லோருக்கும் ஒன்றே; அதற்கு ஆயத்தமாகும் வாய்ப்புதான் ஒன்றாக இல்லை. பொது அறிவையும் பேச்சுத் திறனையும் சோதித்த தேர்வு, படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே சாதகமாக இருந்தது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. சலுகையை ஒழிக்கப் பிறந்த பள்ளியே நாளடைவில் சலுகையின் அடையாளமாயிற்று. ஐந்தாம் குடியரசின் எட்டுத் தலைவர்களில் வலேரி ஜிஸ்கார் டெஸ்டேங், ஜாக் சிராக், பிரான்சுவா ஒலாந்து, இம்மானுவேல் மக்ரோன் ஆகிய நால்வர் இங்கு பயின்றவர்கள். அதிகாரம் பாரிசில் குவிவதைக் குறைக்க, பள்ளியை ஸ்திராஸ்பூர்க் நகருக்கு மாற்றும் முடிவு 1991 இல் எடுக்கப்பட்டது. இடமாற்றம் 2005 இல்தான் முழுமை பெற்றது.

மூடலும் மாற்றமும்

2018 இல் தொடங்கிய மஞ்சள் சட்டைப் போராட்டம், மக்களிடமிருந்து விலகிய ஆட்சியாளர்கள் மீதான கோபத்தை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டு பள்ளியை மூடும் எண்ணத்தை அறிவித்த மக்ரோன், 2021 ஏப்ரலில் அதனை உறுதிசெய்தார். புதிய ஏற்பாட்டின்படி, பயிற்சி முடித்தவர்கள் பொது நிர்வாகப் பணியில் சில ஆண்டுகள் கள அனுபவம் பெற்ற பின்னரே உயர் மன்றங்களுக்குச் செல்ல முடியும். வசதி குறைந்த மாணவர்களுக்கெனத் தனி ஆயத்த வகுப்புகளும் தனித் தேர்வும் ஏற்படுத்தப்பட்டன. 1945 இல் பொதுத் தேர்வு ஒன்றே போதும் எனக் கருதப்பட்ட இடத்தில், ஆயத்தமாகும் வாய்ப்பையும் அரசே தர வேண்டும் என்ற நிலை இவ்வாறு உருவானது.